ஆளுக்கு ஒரு பாட்டில்

1.
இந்தக் கதை நான் திருடியது. திருவல்லிக்கேணியில் ஒரு குழந்தை டாக்டர் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: "பாலாவே குடிச்சு வயித்த ரொப்பிக்கிட்டா, ரத்தத்துல இரும்பு எங்கேந்தும்மா ஏறும்?"

செருப்பு கிடைக்கவில்லை. கதை கிடைத்தது.

முதல் வரி: நிலவைப்போல் வெளுத்திருந்தான் முதஸ்— (வேண்டாம். பிள்ளைக்கு ரத்தம் இல்லை, எனக்கு உவமை கேட்கிறது.)

2.
முதஸ்ஸிருக்கு ஒன்றரை வயது. ஹீமோகுளோபின் எட்டரை. அவன் அம்மா நாஸியாவுக்கு டாக்டர் ஒரு மாதம் கெடு வைத்தார்: சொட்டு மருந்து, ஈரல், பருப்பு, எலுமிச்சை பிழிந்த கீரை. பால் நாளுக்கு இரண்டு பாட்டிலோடு சரி.

நாஸியா இரண்டுக்கு மேல் கொடுக்கவில்லை. மூன்று வாரமாகியும் பையன் ஈரலைத் துப்பினான். நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். (எழுதுகிறவர்கள் முதலில் அம்மாவைத்தான் பிடிப்போம். கெட்ட புத்தி.)

3.
வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்ததும் நாஸியா கேட்டாள்.

"தினம் பால் பாக்கெட் கூடுதலா காலியாவுது. யாரு குடுக்கறீங்க?"

"விடிகாலைல பஜர் தொழுகைக்கு எழுந்தா அழுவறான். ஒண்ணே ஒண்ணு," என்றான் கணவன் வாஜித்.

"நானும் ஒண்ணுதாம்மா," என்றார் மாமனார் ஹபீபுர் ரஹ்மான், முட்டையை உரித்துக்கொண்டே.

"அவன் மூஞ்சியப் பாத்தா பாவமா கீது பாபி," என்றாள் நாத்தனார் ஆஃப்ரீன். அவளும் ஒன்று.

நாஸியாவின் இரண்டோடு ஆக ஐந்து. நாஸியா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இன்னா? ஜன்னலாண்ட ஒரு பாட்டில் வெச்சு எழுதினீங்களே?"

"அது வர்ணனை."

"அதையும் குடிச்சுட்டான்."

அந்த வரியை அடித்துவிட்டேன்: ஜன்னலோரம் மாலை வெயிலில் மின்னும் வெண்பால் நிறைந்த— (நல்ல வரி. வயிறு எரிகிறது.)

"எல்லாரும் பாசத்துலதான் குடுத்தீங்க," என்றாள் நாஸியா. "எம்புள்ளைக்குப் பசின்னா இன்னான்னே தெரியாம போச்சு." அவள் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

4.
முடிவு அ: ஹீமோகுளோபின் பதினொன்று. (ஒரே வாரத்திலா? டாக்டர் சிரிப்பார்.)

முடிவு ஆ: ஏறவில்லை. (எழுத மாட்டேன்.)

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் ஒரு மணி. முதஸ்ஸிருக்கு முதன்முறையாக நிஜமாகப் பசிக்கிறது. ஈரல் மசித்த சோற்றோடு நாஸியா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் யாரையும் நம்ப முடியாததால் பால் பாட்டிலை உங்களிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

உதடு பிதுங்குகிறது. அவன் உங்களையே பார்க்கிறான்.