மைசூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மைசூர் போவோம் என்று அம்மா சொன்னதைக் காவியாவால் நம்பவே முடியவில்லை. பர்கூர்ச் சந்தையைத் தாண்டி எங்கும் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற அம்மா முனிலட்சுமியா மைசூருக்குக் கூப்பிடுகிறாள்!

"வர்ற ஞாயித்துக்கெழம வேன் சொல்லிப் போலாம்டி. எங்கெங்க போறதுன்னு நீயே சொல்லு. எனக்கு என்னா தெரியும்?" என்றாள் அம்மா.

சொல்லவா வேண்டும்! மூன்று வருஷமாக ஓசூர்க் கம்பெனி ஒன்றில் செல்போனுக்கு ஸ்குரூ மாட்டுகிறாள் காவியா. லைனில் பக்கத்தில் நிற்கிறவர்கள் பாதிப் பேர் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரிகள். டீ நேரத்தில் அவர்கள் மைசூர் அரண்மனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதையும் தூங்கியே தீர்ப்பாள். நைட் ஷிப்ட் பார்த்த உடம்பு வேறென்ன செய்யும்?

லைன் பெண்களிடம் கேட்டுக் கேட்டு அன்றைக்கு முழுவதும் எங்கெங்கே போவது என்று திட்டமே போட்டுவிட்டாள். "விடியறதுக்கு முந்தியே கெளம்பணும்மா. போற வழியில ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு மாளிகை. அப்பறம் ஜூ. மத்தியானம் சாப்பிட்டுட்டு அரமனைக்குள்ள போனா நிதானமா பாக்கலாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் அரமனைக்கு வெளக்குப் போடுவாங்களாம். அதப் பாக்காம நான் வண்டி ஏற மாட்டேன்."

"திப்பு மாளிகை வேணாம்டி. மொதல்ல சாமுண்டி மலைக்குப் போயிரணும். பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்."

"ஏம்மா?"

"நல்ல நேரம்டி."

சரி, சாமிதானே என்று விட்டுக்கொடுத்தாள். மறுநாள், பட்டுப்புடவை கட்டிக்கொள் என்றாள் அம்மா. ஜூவுக்கு யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா, குரங்கு பிடித்து இழுத்துவிடும் என்று காவியா சிரித்தாள். சித்தியும், காலேஜில் படிக்கிற சித்தி மகள் யுவஸ்ரீயும் வருவதாகச் சொன்னபோது சந்தோஷம்தான் பட்டாள். பாவி மகளுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்திருக்கக் கூடாதா?

சனிக்கிழமை சாயங்காலம் வழிக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் போன் வந்தது. அம்மா பிறந்தது கர்நாடக எல்லையை ஒட்டிய தளி. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாத பேச்சு என்றால், அவளும் சித்தியும் கன்னடத்துக்குத் தாவிவிடுவார்கள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். மூன்று வருஷ லைன் வேலையில் மகளுக்கும் கன்னடம் ஒட்டிக்கொண்டது முனிலட்சுமிக்குத் தெரியாது. அங்கே என்ன பேசுகிறாய், யாரோடு நிற்கிறாய் என்று என்றைக்காவது கேட்டிருந்தால்தானே!

பதினோரு மணிக்குக் கோயில் வாசலில் தற்செயலாகப் பார்க்கிற மாதிரி வாருங்கள், பெண்ணுக்கு எதுவும் தெரியாது, அவளுக்கு ஆபீஸ் வேலை, பகல் மட்டும்தான் என்று அம்மா கன்னடத்தில் சொல்லச் சொல்ல, காவியாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது.

இதுவரை நாலு குடும்பம் பெண் பார்க்க வந்து போயிருந்தது. கடைசியாக வந்தவர்கள், அவள் சம்பளத்தில் போட்ட சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "நைட் ஷிப்ட் போற பொண்ணா? யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். என்னத்தை யோசித்தார்களோ, அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. இனி எவன் முன்னாலும் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க மாட்டேன் என்று அன்றைக்கு அழுதாள். அவளைக் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு வரச் சொல்வதில்லை என்று அம்மாவும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சத்தியத்தை மீறவில்லை பாருங்கள். அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லவில்லையே, இவளைத்தானே அங்கே கொண்டுபோகிறாள்!

காவியா போய்ப் போனைப் பிடுங்கினாள். கன்னடத்திலேயே சொன்னாள்: "நான்தான் பொண்ணு. நைட் ஷிப்ட் போறேன், லைன்ல நின்னு ஸ்குரூ மாட்டறேன். இதத் தெரிஞ்சுக்கிட்டு வர்றதுன்னா வாங்க."

முனிலட்சுமிக்கு முகம் செத்துவிட்டது. "நாலு பேரு வந்துட்டுப் போனத ஊரே எண்ணிட்டுக் கெடக்குதுடி. வெளியூர்ல வச்சுப் பாத்தா யாருக்குத் தெரியும்? உன் நல்லதுக்குத்தான்..."

"மைசூர்னா நான் நம்பி வருவேன்னு தெரிஞ்சுதான சொன்ன? அதுதாம்மா வயிறு எரியுது."

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். சொன்ன வேனை ரத்து செய்யவில்லை, சாமியையாவது கும்பிட்டு வருகிறோம் என்று அம்மாவும் சித்தியும் யுவஸ்ரீயும் கிளம்பினார்கள். லைனில் நின்றபடியே, இந்நேரம் ஜூவில் இருப்பார்கள், இந்நேரம் அரண்மனைக்குள் போயிருப்பார்கள் என்று மனசு அவர்கள் பின்னாலேயே ஓடியது. அவள் போட்டுக்கொடுத்த வழி அல்லவா!

மறுநாள் காலையில் கண் விழித்தபோது சித்திதான் சர்க்கரையை வாயில் திணித்தாள். "நம்ம யுவாவுக்கு அமைஞ்சிருச்சுடி. சொன்னபடி அவங்க மலைக்கு வந்துட்டாங்க. உன்னக் காணோம்னதும் இவளக் காட்டுனோம். படிக்கற பொண்ணு, ராத்திரி வேலை கீலைன்னு ஒண்ணும் இல்ல. பாத்ததுமே புடிச்சுப்போச்சு. அங்கயே பூ வச்சுட்டாங்க."

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

யுவஸ்ரீ தலை நிறைய வாடிய பூவோடு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். காவியாவுக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "நான் சொன்ன எடமெல்லாம் பாத்தியா? வெளக்குப் போட்டாங்களா?"

"எங்கக்கா? மலைலேர்ந்து நேரா அவங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. எங்கிட்டயும் யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. நான் மைசூர் பாக்கத்தாங்கா போனேன்."