எண்ணூறு வீட்டிலும் அவள்

"அப்ப அந்தக் குட்டி போயிடுச்சுன்னு உனக்கு யாருமே சொல்லலையாடி?"

நர்ஸக்கா இதைக் கேட்டபோது கடுதாசியின் கையில் மிச்சம் இருந்தது ஆபீஸ் ஃபைலுக்கென்று எடுத்து வைத்த ஒரே ஒரு கடிதம்தான். மற்ற எண்ணூறும் முந்தாநாளே தபாலில் போய்விட்டன.

கடுதாசி என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர். இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளின் ஆபரேஷனுக்கு உதவுகிற சின்னச் சங்கம் அது. வருஷத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் போகிற கடிதத்தை எழுதுவது அவள் பொறுப்பு. போன வருஷம், முன்பல் இரண்டும் விழுந்த ஒரு குட்டிப் பெண் சிரிக்கிற படத்தைப் போட்டு எழுதினாள். அதற்கு வந்த மாதிரி பதில் வேறு எதற்கும் வந்ததில்லை. அதனால் இந்த வருஷமும் அதே படம். 'அன்று மாடிப்படி ஏறினாலே உதடு நீலமாகிவிடும். இன்று ஸ்கூலுக்கு ஓடுகிறாள்.' ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததுவரை கேள்விப்பட்டிருந்தாள். மிச்சத்தை மனசே எழுதிக்கொண்டது. குழந்தைகளின் ஃபைல் எல்லாம் பக்கத்து அறையில், நர்ஸக்காவின் அலமாரியில். நாலு எட்டு வைத்தால் போதும், வைக்கவில்லை.

"எப்பக்கா?"

"நாலு மாசமாச்சு. காய்ச்சல்னுதான் வந்தாங்க. கிருமி இதயத்துக்கே போயிடுச்சு. மூணே நாள்."

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உதவி வாங்கிய குடும்பத்தையும் உறுப்பினராகச் சேர்ப்பது அங்கே வழக்கம். கை நீட்டி வாங்கினோமே என்ற கூச்சம் யாருக்கும் இருக்கக் கூடாதாம். அப்படியானால் குட்டியின் அப்பாவுக்கும் ஒரு கவர் போயிருக்கும்.

செயலாளரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அன்றே அவரைத் தேடிப் போனாள். அவர் வெல்டர். பட்டறை வாசலில் ஒரு கேட்டுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் நெருப்பை அணைத்தார்.

"அண்ணே, சங்கத்துலேருந்து ஒரு கடிதம்..."

"நேத்தே வந்துடுச்சும்மா. கீழ பேனாவால எழுதியிருந்தது நீயா?"

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கையால் ஒரு வரி எழுதுவாள். அச்சடித்ததை யாரும் நம்புவதில்லை, கையெழுத்தைத்தான் நம்புவார்கள். எண்ணூறு பேருக்கும் அதே வரிதான். 'உங்களால்தான் இவள் ஓடுகிறாள்.'

"நான்தாண்ணே. விசாரிக்காமயே எழுதிட்டேன். தப்பு முழுக்க என்னோடது. எல்லாருக்கும் திருத்தி இன்னொண்ணு அனுப்புறோம். செயலாளர் சார் சொல்லிட்டாரு."

அவர் கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று இவள் நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"என் வீட்டுக்காரி படிச்சுட்டு அழுதா. அப்புறம் இன்னொரு வாட்டி படிங்கன்னா. எத்தனை பேருக்கும்மா போச்சு?"

"எண்ணூறு."

"எங்க ரெண்டு பேருக்குத்தான் அவ இல்ல. எண்ணூறு வீட்டுல ஸ்கூலுக்கு ஓடிட்டிருக்கா. அங்கயாச்சும் விட்டு வைங்களேம்மா."

ஆபீஸுக்கு வந்து இதைச் சொன்னதும் செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பெத்த மனசு, கேக்கத்தான் கேக்கும். ஆனா நம்பிக் கொடுக்குறவங்ககிட்ட இல்லாததைச் சொல்லி வாங்கினா நாம என்ன சங்கம்மா? எழுதினது நீ. திருத்தி அனுப்புறதும் உன் கையாலதான்."

மறுநாள் ஒரு போன். பல வருஷமாக நன்கொடை கொடுக்கிற தையல்காரர்.

"கடுதாசி, பொண்ணு ஓடுறாளாமே? யூனிஃபார்ம் நானே தச்சுத் தரேன். காசு கீசுன்னு பேசினே, போனை வெச்சுடுவேன். அளவு மட்டும் சொல்லு."

"கேட்டுச் சொல்றேங்க," என்றாள். யாரிடம் போய்க் கேட்பது?

திருத்தக் கடிதங்களை மடித்து, ஒட்டி, கட்டுக் கட்டாக மேஜையில் வைத்தாயிற்று. தபால் வண்டி வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. இந்தக் கட்டு போனால் குட்டி எண்ணூறு வீட்டிலும் ஒரே நாளில் இன்னொரு தடவை சாவாள். போகாவிட்டால் தையல்காரர் துணியை வெட்டிவிடுவார். கடுதாசி கட்டின் மேல் கையை வைத்தபடி நிற்கிறாள். அழுத்திப் பிடித்திருக்கிறாளா, தூக்கப் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

நீங்களே சொல்லுங்கள், அந்தக் கட்டை அவள் வண்டியில் ஏற்ற வேண்டுமா, வேண்டாமா?