பம்புக்குப் பக்கத்தில்

மயூர் விஹாரில் மூன்று வீட்டுக் கக்கூசை முத்தம்மா தினமும் கழுவினாள். வெள்ளை வெளேரென்று பீங்கான், திருகினால் தண்ணீர், சுவரில் வாசனை டப்பா வேறு. ஆனால் அவளுக்கு அடிவயிறு முட்டினால் அங்கே உட்காரக் கூடாது. கழுவுகிறவள் உட்கார்ந்தால் தீட்டாம், என்ன நியாயமோ! பல்லைக் கடித்துக்கொண்டு யமுனைக் கரைக்குத் திரும்பி வந்து, இருட்டிய பிறகு நாணலுக்குள் ஒதுங்குவாள்.

கரையோரத்துக் காய்கறி நிலம் ஒன்றுக்கு அவள் புருஷன் பெரியண்ணன் காவல். வெண்டையும் சுரையும் போட்ட பாத்திகளுக்கு நடுவே ஒரு தகரக் குடிசை, வாசலில் ஓர் அடிபம்பு. சின்னசேலம் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, கட்டட வேலையில் முதுகு ஒடிந்து, கடைசியில் ஒண்டிய இடம் அது. கக்கூஸ் வேண்டும் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. "பாக்கலாம் புள்ள" என்று அவன் சொல்லாத நாளும் இல்லை.

ஒரே மகள் முத்துமாரிக்கு வளைகாப்பு நடந்த அன்றுதான் காரியம் சூடு பிடித்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மாப்பிள்ளை சேட்டுவின் அம்மா பொன்னம்மாள் வந்தவர்கள் முன்னாலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

"அனுப்பறதுல எனக்கு ஒண்ணுமில்லண்ணே. ஆனா வயித்துப் புள்ளக்காரிய நாணலுக்குள்ள பாம்புக்கும் குடிகாரனுக்கும் நடுவுல உக்கார வெப்பீங்களா? கக்கூசு கட்டுங்க, அன்னிக்கே கொண்டாந்து விடறேன்."

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே முத்தம்மாவுக்கு மானம் போயிற்று. மகளுக்குத் தன் கையால் எண்ணெய் தேய்த்து, பத்தியச் சோறு போட்டு, பேரப்பிள்ளையை முதலில் தன் மடியில் ஏந்த வேண்டும் என்று எத்தனை ஆசை வைத்திருந்தாள்! கேவலம் ஒரு குழி குறுக்கே நிற்பதா?

மறுநாளே பெரியண்ணன் கடப்பாரையைத் தூக்கினான். நிலத்தின் கோடியில், கருவேல மரத்தடியில் கோடு போட்டான்.

முத்தம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, உனக்கு அறிவு இருக்கா? நெறமாசக்காரி வாளிய தூக்கிக்கிட்டு இந்த வரப்புல நடப்பாளா? வழுக்கி விழுந்தா என்னா ஆவறது? பம்புக்குப் பக்கத்துல தோண்டு."

"குடிக்கிற தண்ணி புள்ள. பக்கத்துல வேணாம்."

"நம்மூர்ல கெணத்தடியில கட்டல? யாரு செத்தா?"

ஊரில் செம்மண்ணும் அடியில் பாறையும். இங்கேயோ கடப்பாரை விழுந்த இடமெல்லாம் பொலபொலவென்று ஆற்று மணல். அதெல்லாம் யார் யோசித்தார்கள்? அவள் வாயைத் திறந்தால் அவனால் எதிர்த்து நிற்க முடியாது. "சரி தாயி, உன் இஷ்டம்" என்று கோட்டை அழித்துவிட்டுப் பம்புக்குப் பக்கத்தில் வந்து தோண்டினான். மண் சரியச் சரிய உடைந்த செங்கல்லைச் சுற்றிலும் அடுக்கினான். நாலு பக்கமும் தகரம் அடித்தான். மயூர் விஹாரில் ஒரு வீட்டில் கழற்றிப் போட்ட கதவு கிடைத்தது, தாழ்ப்பாளோடு.

முதல் நாள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு முத்தம்மா உட்கார்ந்தாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல்! அழுகைதான் வந்தது.

பொன்னம்மாள் சொன்ன சொல் தவறவில்லை, மருமகளைக் கொண்டுவந்து விட்டாள். முத்துமாரி கதவைத் திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தாள். "அச்சா இருக்கும்மா! மஹல் மாதிரி கட்டிட்டீங்க!"

ஆடியில் ஆறு ஏறியது. குடிசைக்குள் வரவில்லை, கடைசிப் பாத்தியோடு நின்றுவிட்டது. குழி மட்டும் விளிம்பு வரை நிறைந்து தளும்பியது. முத்தம்மா சாம்பலை அள்ளிக் கொட்டினாள். பம்புத் தண்ணீர் எப்போதும்போல் கண்ணாடியாகத்தான் வந்தது. "தண்ணி நெறைய குடிடி கண்ணு, இல்லன்னா சூடு பிடிச்சுக்கும்" என்று சொம்பு சொம்பாக அடித்து மகளுக்குக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் முத்துமாரிக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி எடுத்தாள். மசக்கை மறுபடி வருமா என்ன என்று முத்தம்மா குழம்பிக்கொண்டிருக்கும்போதே மகளின் கண் மஞ்சளாயிற்று. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மகள் பிழைத்தாள். பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி.

"பானி கஹாங் ஸே பீதே ஹோ?" என்று டாக்டர் கேட்டார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று. பெரியண்ணன் சொன்னான். பக்கத்தில் கக்கூஸ் இருக்கிறதா என்றார். அதையும் சொன்னான். இந்தக் காமாலை தண்ணீரில்தான் வரும், மற்றவர்களுக்கு வந்தாலும் போய்விடும், கர்ப்பிணிகளைத்தான் இப்படிப் போட்டு வாட்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்த கை முத்தம்மாவுடைய கைதானே!

பொன்னம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "கக்கூசு கட்டுங்கன்னுதானே சொன்னேன்! குடிக்கிற தண்ணிக்குப் பக்கத்துல கட்டச் சொன்னது யாரு? எந்தப் பாவி?"

முத்தம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியண்ணன் முந்திக்கொண்டான்.

"நான்தான் தங்கச்சி. இவ மரத்தடியில தோண்டச் சொன்னா. நான்தான் சோம்பேறித்தனப்பட்டு பக்கத்துல தோண்டிட்டேன்."

கட்டிலில் கிடந்த முத்துமாரி அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். முத்தம்மாவும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

முத்துமாரி அங்கிருந்தே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியண்ணன் அந்தக் குழியை மூடி, கருவேல மரத்தடியில் வேறு தோண்டினான். கதவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே மாட்டினான். பம்பைத் தொடுவதில்லை, மெயின்ரோட்டுக் குழாயிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து வருகிறான்.

"ஏன்யா அப்பிடிச் சொன்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விடு புள்ள. பொண்ணுக்கு அம்மாவாவது வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்கிறாள். குடிசை சின்னது, பேசுவதெல்லாம் பெரியண்ணனுக்குக் கேட்கும். கேனைக் கழுவுகிற சாக்கில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் முத்தம்மா தொண்டையைக் கனைத்துக்கொள்வாள்.

"அப்பாகிட்ட குடுக்கட்டுமாடி?"

"வேணாம்மா. நீயே பேசு."

முத்தம்மா பேசிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டியா, மாப்பிள்ளை வேலைக்குப் போனாரா என்று.