ஜோடியா, ஒத்தையா?

அந்த ஷூ கடையில் அவளுக்கு "உள்ளக்கா" என்று பெயர். நான்கு வருடமாகப் பின்பக்கக் கிடங்கிலேயே கிடந்ததால் வந்த பெயர். வேலை கேட்டு வந்த அன்றைக்கே மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் வெளுப்பா ஆள் நின்னாத்தான் கடைக்கு எடுப்பா இருக்கும். நீ உள்ள பாரும்மா" என்றார். முகத்திலடித்த மாதிரி சொன்னாலாவது திருப்பிக் கேட்கலாம். இப்படி "ம்மா" போட்டுச் சொல்கிறவரை என்ன செய்வது? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனவள்தான்.

போன மாதம் அவள் மகள் பள்ளித் தோழிகளோடு அந்த வழியாகப் போயிருக்கிறாள். "எங்கம்மா இங்கதான் வேலை பார்க்கிறாங்க" என்று பெருமையாகக் கண்ணாடிக்குள் காட்டியிருக்கிறாள். உள்ளே இருந்த முகங்களில் அம்மா முகம் இல்லை. தோழிகள் சிரித்துவிட்டார்கள். "நிஜமாவே நீ அந்தக் கடையிலதான் இருக்கியாம்மா?" என்று மகள் வந்து கேட்டபோது, "ஒரு நாள் கண்ணாடிப் பக்கமே நிப்பேன், பாரு" என்று சொல்லி வைத்தாள்.

அதனால்தான் இன்றைய நாள் அவளுக்கு அவ்வளவு பெரிய நாள். விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் காய்ச்சல் என்று லீவு போட்டதில் மேனேஜருக்கு வேறு வழியில்லை. "இன்னிக்கு ஒரு நாள் வெளிய நில்லு. ஒரு புகார் வரக்கூடாது, ஒரு பொருள் போகக்கூடாது. சரியா பண்ணினா இனிமே இங்கதான். இல்லைன்னா பழையபடி உள்ள" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலையை மூன்று முறை வாரிக்கொண்டாள்.

வெளியே நிற்பதற்கு ஒரு பாடம் உண்டு. அது அவளுக்கு மனப்பாடம். விற்பனைப் பெண் கிடங்குச் சன்னலில் சைஸ் சொன்னதும், உள்ளே இருப்பவர் "ஜோடியா, ஒத்தையா?" என்று கேட்பார். நம்பிக்கையான ஆள் என்றால் ஜோடி. சந்தேகமான ஆள் என்றால் ஒத்தை. இடது கால் ஷூ மட்டும் வெளியே போகும். இரண்டையும் மாட்டிக்கொண்டு ஓடலாம், ஒற்றை ஷூவோடு யார் ஓடப் போகிறார்கள் என்ற கணக்கு. உள்ளே இருப்பவர் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் "ஒத்தை" என்று எழுதிவிட வேண்டும். யார் சந்தேகமான ஆள் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். காலில் இருக்கிற செருப்பு, தோளில் இருக்கிற பை, தோலின் நிறம், அவ்வளவுதான்.

காலையில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஷூ மனைவிக்கு, உபசாரமெல்லாம் கணவருக்கு. "சாருக்குப் பிடிச்சிருக்கா?" என்று பக்கத்து விற்பனைப் பெண் குழைந்தாள். சார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். அந்தம்மாள் புது ஷூவில் நொண்டி நொண்டி நடந்ததை ஒருவரும் விசாரிக்கவில்லை. அவருக்கு வந்தது ஜோடி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்று மணிக்கு மழையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களின் நீலச் சட்டை. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. தோளில் பெரிய துணிப்பை. உள்ளக்காவின் அதே நிறம், ஏறக்குறைய அதே வயது.

"நாள் பூரா நிக்கிற வேலைம்மா. மூடின ஷூதான் போடணும்னு புதுசா உத்தரவு" என்றாள்.

மேனேஜர் கல்லாவிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளக்கா சன்னலுக்குப் போய் சைஸ் சொன்னாள். அவளுக்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்திருந்த குண்டண்ணன் கேட்டார்: "ஜோடியா, ஒத்தையா?"

"ஒத்தை."

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் இடது காலில் ஷூவைப் போட்டுப் பார்த்தாள். பிறகு வலது காலை நீட்டினாள். "எனக்கு இந்தக் கால்தான் பெருசு. ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டில் இது மேல விழுந்து, எலும்பு சரியா சேரல. இதுல போட்டாத்தான் தெரியும்." உள்ளக்கா மேனேஜரைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்து, அவளே பையைக் கழற்றி முன்னால் வைத்தாள். "இதை நீயே வச்சுக்கம்மா. ரெண்டையும் குடு, எங்கயும் போயிட மாட்டேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். எத்தனை கடையில் சொல்லிப் பழகியிருந்தால் ஒருத்திக்கு அது இவ்வளவு சாதாரணமாக வரும்! உள்ளக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. பையை எடுத்து அவள் தோளிலேயே மாட்டிவிட்டாள். நேராகச் சன்னலுக்குப் போய் வலது ஷூவையும் வாங்கி வந்தாள்.

அந்தப் பெண் இரண்டையும் போட்டுக் கம்பளத்தின் மேல் நான்கடி நடந்தாள். "கம்பளத்துல எல்லா ஷூவும் நல்லாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரில வெறும் தரை. வெளிய வராண்டாவுல கொஞ்சம் நடந்து பார்க்கட்டுமா?"

மேனேஜர் எழுந்தே விட்டார். கண்ணாலேயே "வேண்டாம்" என்றார். உள்ளக்கா கதவைப் பார்த்தாள். இந்த ஒரு நாள், மகளுக்குச் சொல்லி வைத்த வார்த்தை, எல்லாம் அந்தக் கதவில் போய் நின்றது.

"நடந்துட்டு வாங்கக்கா" என்றாள்.

கதவு திறந்து மூடியது. நீலச் சட்டை கண்ணாடி ஓரமாகப் போனது. பிறகு சுவர் மறைத்துவிட்டது.

"யாரைக் கேட்டு விட்ட?" மேனேஜர் பல்லைக் கடித்தார். "ஷூவும் போச்சு, ஆளும் போச்சு. நீ உள்ளயே இருந்திருக்கலாம்."

உள்ளக்கா தரையில் ஈரமாகக் கிடந்த ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டண்ணன் சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார். மீதிப் பாதிக்கு இடமில்லை.

கதவு திறந்தது.

"வலது காலு நெருக்குது. இதைவிடப் பெருசு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, கூடவே நான்கு வருடத்துப் பேச்சும் வந்தது. "சார், திரும்பி வந்த பெட்டிங்க உள்ள ஒரு அலமாரி நிறைய இருக்கு. போய்ச் சீட்டைப் பாருங்க. முக்கால்வாசியில ஒத்தைன்னு என் கையெழுத்துதான். ஒரு காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கிட்டுப் போறாங்க, வீட்டுல மறு காலைக் கடிக்குது. தலைமை ஆபீஸ்ல மாசாமாசம் உங்களைத் திட்டுறாங்களே, அது இதுக்குத்தான்."

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். வெகுநேரம் கழித்து முழங்கையெல்லாம் தூசியோடு வந்தார். "ஒரு மாசம் எல்லாருக்கும் ஜோடியே குடுத்துப் பார்ப்போம்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு கல்லாவை ஒழுங்குபடுத்துவது போல் பாவனை செய்துகொண்டே, "நாளைக்கும் நீ வெளியவே நில்லு" என்றார்.

பெரிய சைஸைக் கட்டிக் கொடுக்கும்போது உள்ளக்காவால் அடக்க முடியவில்லை. "அக்கா, மொதல்ல ஒத்தைன்னு சொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

"தெரியும். நீ சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் அந்தப் பெண். "பையைத் தோளுல மாட்டிவிட்டதும் நீதானே? அதனாலதான் வெளிய நடக்கட்டுமான்னு உன்கிட்ட வாய்விட்டுக் கேட்டேன். இதுவரைக்கும் எந்தக் கடையிலயும் கேட்டதில்ல."

அவள் போனபின், உள்ளக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து வந்தவருக்குச் சைஸ் பார்த்தாள். சன்னலிலிருந்து பழக்க தோஷத்தில் குரல் வந்தது: "ஜோடியா, ஒத்தையா?"

"ரெண்டு காலோடதாண்ணே வந்திருக்காரு" என்றாள்.

கண்ணாடிக்கு வெளியே பள்ளி விட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டாள்.