இடது பக்கத்துப் பாட்டில்

அச்சில் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதையும் படிக்கவிடாமல் எழுத்தைப் பொடிப்பொடியாகப் போடுகிறவன் யோக்கியனாக இருக்க மாட்டான் என்பது என் கணக்கு. என் மருமகளுக்குச் சோறு போடுவதே அந்த எழுத்துதான். பினாயில், சோப்புத்தூள் மாதிரிப் பொருள்களுக்கு ஒட்டுகிற லேபிளை வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் வைத்து வரைந்து கொடுக்கிறாள்.

அன்றைக்குத் தரை துடைக்கும் தண்ணீர் விற்கிற முதலாளி வந்தார். மேஜையில் அவருக்காக இரண்டு தாள். ஒன்று அவர் சொன்னபடி வரைந்தது: பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம், அதன் மேல் குண்டு குண்டாக 'எலுமிச்சை'. 'குடிக்கக் கூடாது' என்பதை முதுகுப்பக்கம், ஓரத்தில், வெள்ளையில் மஞ்சளாக, எறும்பு ஊர்ந்த மாதிரி போட்டிருந்தது. இன்னொன்றில் மருமகள் அதே சொற்களை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, சிவப்புப் பட்டை போட்டு, சுற்றிலும் காலி இடம் விட்டிருந்தாள். அவர் கையெழுத்துப் போடுகிற தாள்தான் அச்சுக்குப் போகும்.

"முதல் தாள்ல போட்டார்னா இந்தக் கம்பெனி வேலையே வேணாம் மாமா. எவனாவது குடிச்சுத் தொலைச்சா எனக்குத் தூக்கம் வருமா?" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

தாள்களுக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் முதலாளியின் லேபிள்தான். வலது பக்கத்தில் இருந்தது நிஜச் சரக்கு. படம் பிடித்தால் அதன் கழுத்தில் நுரை கட்டி அசிங்கமாகத் தெரிகிறது என்று, இடது பக்கத்துப் பாட்டிலில் வடிகட்டிய எலுமிச்சை ஜூஸை ஊற்றிப் படம் எடுத்திருந்தாள். நிறம் ஒன்றேதான். "அத்தை, இடது பக்கம் இருக்கறது ஜூஸ். வர்றவருக்கு அதையே கலக்கிக் குடுத்துடுங்க" என்று என் வீட்டுக்காரியிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

முதலாளி சிவப்புப் பட்டையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, மண்டையோடு ஒண்ணுதான் பாக்கி! பயமுறுத்தினா எவன் வாங்குவான்? இவ்வளவு காலி இடம் வேற, என் தலை வழுக்கை மாதிரி."

"காலி இடம் இருந்தாத்தான் சார் எழுத்து கண்ணுல படும்."

"பழம் பட்டாப் போதும்" என்றவர், பாட்டில்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இப்படியும் அப்படியும் திருப்பி ரசித்தார். திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மறுபடி வாக்குவாதம். நடுவில் என் வீட்டுக்காரி வந்து ஒரு பாட்டிலை எடுத்துப்போனதை நான் பார்க்கவில்லை.

டம்ளர் வந்தபோதுதான் கவனித்தேன். மேஜையில் மிச்சம் இருந்தது ஒரே பாட்டில். முதலாளி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

"கீழ வைய்யா!"

"என்ன பெரியவரே?"

"ரெண்டு பாட்டிலையும் ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போனியே, எதை எந்தப் பக்கம் திருப்பி வெச்சே?"

"எங்க வெச்சா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுல ஜூஸ் இருக்கு."

அவர் டம்ளரை மோந்து பார்த்தார். "எலுமிச்சை வாசனைதான் வருது."

"உன் சரக்குக்கும் அந்த வாசனைதானே?"

"என் சரக்கு எனக்குத் தெரியாதா? இது ஜூஸ்தான்."

"அப்ப குடி."

அவர் குடிக்கவில்லை. மருமகள் எட்டிப் பார்த்தாள். ஆற்றிக் கொண்டுவந்த நுரை அடங்காமல் விளிம்பு வரை நின்றது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, நீங்க ருசி பாத்தீங்களா?"

"சுகர்காரிக்கு என்னடி ருசி? கண்ணளவுல சர்க்கரையைப் போட்டேன், கொண்டாந்தேன். அவனுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெச்சிருக்கேன், எழுந்ததும் குடிக்கட்டும்னு."

அவன் என்றால் என் மகன். வேலை முடிந்து வந்து உள்ளே படுத்திருந்தான். அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

மருமகள் ஓடின ஓட்டத்தில் நாற்காலி சாய்ந்தது. "ஏய், என்னடி?" என்று மகன் குரல். ஏதோ உருண்டது. கொஞ்ச நேரத்தில் புடவை முன்பக்கமெல்லாம் நனைந்து வந்தாள், கையில் காலி டம்ளர். பின்னாலேயே தூக்கக் கலக்கத்தோடு மகன்.

"தாகத்துக்குக் குடிக்கப் போனா தட்டிவிட்டுட்டா. பைத்தியமா இவ?"

"வாய்ல பட்டுச்சா?" என்று கேட்டேன்.

"எங்க படவிட்டா?"

முதலாளி தன் டம்ளரை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

"பழம் மட்டும் இருக்கட்டுமேம்மா. சின்னதா, ஒரு ஓரத்துல?"

"வேணாம் சார். தரையைப் போடறேன். பளபளன்னு தரை."

கையெழுத்துப் போட்டார். நான் தாளை வாங்கி, எது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். கண்ணாடி தேவைப்படவில்லை. அதன் பிறகுதான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.

மேஜையில் மிச்சம் இருந்த பாட்டிலை என் வீட்டுக்காரி தூக்கிப் பார்த்தாள்.

"அப்ப இதுதானே ஜூஸு? யாருக்காவது ஊத்தட்டுமா?"

மகன் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் குடித்தான்.