எரித் பியரில் ஒரு புள்ளி மீன்

பாலேந்திரா தேத்தண்ணி வாங்கப் போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. லண்டன் பிளேஸ்டோவில் காலைப் பூசை முடிந்த கையோடு கிளறிற்றா எரித் பியருக்கு வந்திருந்தாள். தேம்ஸ் ஆற்றுக்குள் வெகுதூரம் நீண்டு கிடக்கும் அந்த மேடையில் நான்கு வருடங்களாக அவளுக்கும் பாலேந்திராவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள், ஐம்பத்தொரு வயது. அவர் ஸ்ட்ரெதத்தில் இருப்பவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உறவென்று எதுவும் இல்லை. மீன் பிடிக்க வந்த இடத்தில் பழக்கமானவர்கள், அவ்வளவுதான்.

பாஸ் மீனைப் பற்றிப் பாலேந்திராவுக்குத் தெரியாதது இல்லை. வத்து முடிந்து தண்ணீர் பெருகத் தொடங்கும் முதல் இரண்டு மணித்தியாலம்தான் நல்ல நேரம். மழைக்குப் பிறகு ஆறு கலங்கியிருந்தால் புழுவைவிட ஓடு கழற்றிய நண்டு நல்லது. இழுப்புத் தெரிந்தவுடன் வெட்டி இழுக்கக் கூடாது; மீன் திரும்பும்வரை பொறுக்க வேண்டும். அவர் சொல்வதெல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் எந்த மீனைத் தூக்கினாலும், அது ஏன் அகப்பட்டது என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவர்தான் விளக்குவார். நான் சொல்லிக்கொடுத்த இடம் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. புள்ளி பாஸ். சாதாரண பாஸின் குஞ்சுக்கும் புள்ளி இருக்கும். வளர வளர மறைந்துவிடும். வளர்ந்த பிறகும் புள்ளியோடு திரிவது வேறு இனம். தெற்கே போர்த்துக்கல் பக்கத்துக் கடலில் உள்ளது, வழிதவறி எப்போதாவது ஒன்று இங்கே வரும். அந்த ஒன்றுக்காகப் பதினொரு வருடம் அவர் கென்ற், எசெக்ஸ் கரைகளெல்லாம் அலைந்திருந்தார்.

அன்றைக்குத் தேத்தண்ணிக்குப் புறப்படும்போது அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"என்ர தடியை ஒருக்காப் பாரும். ஆனா தூண்டிலை அசைக்காதையும். நடு ஆத்திலதான் பாஸ் ஓடும், கிட்டப் போட்டுப் பிரயோசனம் இல்லை."

அவர் போய் இரண்டு நிமிடம் அவள் சும்மா நின்றாள். பிறகு அவருடைய நூலைச் சுற்றி எடுத்தாள். பெரிய ஈயக்குண்டைக் கழற்றிச் சின்னதொன்றைக் கட்டி, புது நண்டுத் துண்டு குத்தி, நேரே கீழே, பியரின் தூணோரம் இறக்கினாள். தண்ணீர் வத்திக் கிடந்தபோது அந்தத் தூணில் நண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் கண்டிருந்தாள். நண்டு இருக்கிற இடத்துக்கு மீன் வராமலா போகும் என்று அவளுக்குப் பலநாள் யோசனை.

தடி வளைந்தது. பொறுத்தாள். மீன் திரும்பியது.

வட்ட வலையைக் கயிற்றில் இறக்கி அதை மேலே தூக்கியபோதுதான் புள்ளிகளைக் கண்டாள். முதுகிலும் விலாவிலும் மிளகளவில், வரிசையில்லாமல், கறுப்பாக. அளவுகோலில் வைத்தாள். முப்பத்தொன்பது சென்ரிமீற்றர். நாற்பத்திரண்டுக்குக் குறைந்த பாஸை வைத்திருக்க முடியாது; சட்டம். ஆனால் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. பியரின் கரைப்பக்கத்தில் இரண்டு கோப்பைகளோடு அவர் வருவதும் தெரிந்தது.

அவள் மீனைத் திரும்ப வலையில் வைத்து, மெல்ல ஆற்றுக்குள் இறக்கிவிட்டாள்.

சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"வாய்க்குள்ள பாத்தனீரா? மேல் அண்ணத்துப் பல்லு நங்கூரம் மாதிரி இருந்ததோ?"

"பாக்கேல்லை அண்ணை."

"ஒரு படம்?"

"இல்லை. அளவு காணாது, அதுதான் உடனை விட்டிட்டன்."

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத் நடு ஆற்றைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சாமான்களைக் கட்டினார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. சட்டப்படிதானே செய்தேன் என்று கிளறிற்றா தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்குத் தட்டுகளை அடுக்கும்போதும் அதையே சொன்னாள். நாலாம் கிழமை அந்தச் சொல்லில் பிடிப்பு விட்டுப்போயிற்று. வாளி இருந்தது. அவர் வந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடம் வைத்திருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகியிராது. அவர் வந்து பார்த்தால் அந்த மீனும் அவருடையதாகிவிடும் என்றுதான் அவள் கை அவசரப்பட்டது.

சனிக்கிழமை அவள் ரெயில் எடுத்து ஸ்ட்ரெதம் போனாள். கதவைத் திறந்தது அவருடைய மனைவி தவநாயகி.

"வாங்கோ பிள்ளை. அவருக்கு உங்களோட கோபமாம். எனக்குத்தான் கரைச்சல், மூண்டு கிழமையாய் மனுசன் வீட்டிலேயே நிக்குது."

பாலேந்திரா முன்னறையில் இருந்தார். கிளறிற்றா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"அண்ணை, நான் வாளிக்குள்ள விட்டிருக்கலாம். வேணுமெண்டுதான் விடேல்லை. நீங்கள் வாறதைக் கண்டுதான் இறக்கினனான்."

அவர் முகம் சுருங்கியது. "நான் உமக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. நான் பிடிக்கிற எல்லா மீனையும் நீங்கள் பிடிச்ச மாதிரிக் கதைப்பியள். இதையும் கதைச்சுப்போடுவியள் எண்டு நினைச்சன். உங்கட தடியிலதான் பிடிச்சனான், உங்கட ஆசையெண்டும் தெரியும். நான் செய்தது பிழை."

"நான் அப்பிடியோ கதைக்கிறனான்?"

"ஓம்" என்றாள் தவநாயகி குசினிக்குள் இருந்து.

வெளியே பஸ் ஒன்று நின்று புறப்பட்டது. தனக்குக் கோபம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, போயிருக்கவும் இல்லை. ஆனால் வேறு ஏதோ அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"நடு ஆத்தில அந்த ஈயத்தோட எப்பிடி அது..."

"நடு ஆத்தில இல்லை அண்ணை. நான் தூணோரம் இறக்கினனான்."

அவர் நிமிர்ந்து இருந்தார். "தூணோரமோ? ஏன்?"

அவள் சொன்னாள். தூணில் ஒட்டியிருந்த நண்டுகளை, நீரோட்டம் தூணில் பட்டு வளைந்து பின்னால் சோர்ந்து நிற்பதை, சின்ன ஈயம் ஏன் என்பதை. நான்கு வருடத்தில் அவள் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இரண்டு இடத்தில் அவர் வாயைத் திறந்தார். இரண்டு தரமும் மூடிக்கொண்டார். பிறகு ஒரு கடித உறையின் பின்பக்கத்தை நீட்டி, புள்ளிகள் எங்கெங்கே இருந்தன என்று கீறிக்காட்டச் சொன்னார். அவளுக்கு நினைவிருந்தவரை கீறினாள். அவர் கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார்.

"இதை வச்சு ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றார்.

"தெரியும்."

"நான் நம்பிறன். எண்டாலும் ஆத்தாமையாத்தான் கிடக்கு."

மறுநாள் அவர் பியருக்கு வந்தார். இருவரும் தூணோரம் இறக்கினார்கள். பின்னேரம்வரை இரண்டு தட்டை மீனும் ஒரு சின்னப் பாஸும் வந்தன. பாஸ் அவளுடையது, வெள்ளி நிறம், ஒரு புள்ளியும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தூண்டிலில் எதைக் குத்தினீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்த பாலேந்திரா, இருமுவதுபோலச் செய்து, தன் ரீலைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். கிளறிற்றா அந்த ஆளுக்கு விளக்கினாள், ஆறுதலாக.