கோந்து எடுத்த தொட்டி

ஜான் பாஷா வாயைத் திறந்தால் ஏகாம்பரநாதர் கோபுரம் இன்னும் ரெண்டு நிலை உயர்ந்துவிடும். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போட்டு ஓய்ந்த மனிதர். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த ஆஸ்கர் என்ற அலங்கார மீனைப் பற்றிக் கேட்டால், "ஆட்டுத்தலய போட்டா கொம்ப மட்டும் துப்பும்பா" என்பார். "புளுகு" என்று மனைவி ஜுபைதா உள்ளிருந்தே ஒரே சொல்லில் அறுப்பாள். அந்தச் சொல் விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஜுபைதாவுக்குப் பேச்சு போயிற்று. செல்போனில் மீனைக் காட்டியபோது மட்டும் உதடு அசைந்தது.

"நேர்ல பாத்தா அம்மா பேசிடுவாங்க அத்தா" என்றாள் மகள் நஸ்னீன்.

போதாதா? மனைவி வீடு வருமுன் தொட்டியைச் சொர்க்கமாக்க உட்கார்ந்துவிட்டார். பழைய தண்ணீரைக் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்பினார். ஃபில்டர் ஸ்பாஞ்சில் பழுப்பாய் வழவழப்பு. ஜுபைதா அதைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைப்பாள்.

"அந்த வழவழப்புதான் மீனோட கழிவு விஷமாவாம பாத்துக்குது" என்பாள்.

"அழுக்குத் தண்ணில அழுக்க கழுவற மகராசி" என்று இவர் கெக்கலிப்பார்.

சாயக்காரர் கைக்கு வழவழப்பென்றால் பட்டிழையில் ஒட்டியிருக்கும் கோந்துதான். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துக் கோந்தை எடுக்காத பட்டில் சாயம் ஏறுமா? ஸ்பாஞ்சையும் வேகவைத்து, அலசோ அலசென்று அலசினார். நிலாவே வந்து முகத்தை மூடிக்கொள்ளும் வெள்ளை!

சில நாளில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. "ராஜாவுக்குப் பசி" என்று இறாலை அள்ளிப் போட்டார். இறால் அழுகியது. செவுள் ரத்தமாய்ச் சிவந்தது. ஒரு காலையில் மீன் பக்கவாட்டில் மிதந்தது. முருங்கையடியில் புதைத்துவிட்டு, சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் பஸ் ஏறினார். அதே அளவு, அதே ஆரஞ்சுத் திட்டு, வாலடியில் அதே கண்போன்ற புள்ளியோடு இன்னொன்றை வாங்கிவந்து தொட்டியில் விட்டார்.

"அம்மாகிட்ட வாயத் தொறக்காத" என்று நஸ்னீனிடம் கெஞ்சினார்.

ஜுபைதாவைச் சக்கர நாற்காலியில் தொட்டிமுன் நிறுத்தினார்கள். அசையாத கையை விட்டு, அசைகிற கையின் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். பழையது என்றால் பாய்ந்து வந்து மூக்கை ஒட்டியிருக்கும். புது இடத்து மிரட்சியில் இது கல்லுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது.

"ஒன்ன பாத்து வெக்கப்படுறான்மா! நீ இல்லாம அழுது அழுது தொட்டியே ரொம்பி வழிஞ்சிடுச்சி, தெரு பூரா வெள்ளம்!"

சொல்லிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜுபைதாவின் பார்வை மீனை விட்டு ஸ்பாஞ்சுக்குப் போனது. அதன் வெண்மையிலேயே நின்றது.

"சொல்லுமா... புளுகுன்னு சொல்லு."

உதடு அசையவில்லை. விரல் கண்ணாடியை விட்டு இறங்கி மடியில் சுருண்டது. நஸ்னீன் நாற்காலியைத் திருப்பினாள்.

கண்ணாடியில் விரல் பதிந்த கறை இருந்தது. ஜான் பாஷாவின் கை பழக்கத்தில் துணியை எடுத்தது. துடைக்காமல் நின்றார்.